நாலாவது தடவையும் சிரிப்பு வர வேண்டும்

வணக்கம் நேயர்களே.

குடும்பத்தை வைத்து வரும் அனிமேஷன் நகைச்சுவைத் தொடர்களில் ஒரே ஜோக் வாராவாரம் திரும்பி வரும். பார்க்கிறவர்களும் அதற்காகவே காத்திருப்பார்கள். அதை எப்படிக் கட்டுகிறார்கள், எந்த இடத்தில் அது சொதப்புகிறது, இதுதான் இன்றைய பேச்சு. சைபர்ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் அனிமேஷன் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் நம் மலேசியத் தமிழ்க் குடும்பத்தை வைத்து ஒரு தொடர் எழுதிவிட மாட்டாரா என்ற ஆசையோடுதான் இதைச் சொல்கிறேன்.

திரும்பி வருகிற எந்த ஜோக்கைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இரண்டு பாகம் இருக்கும். அசையாமல் நிற்கிற பாகம் ஒன்று, ஒவ்வொரு முறையும் மாறுகிற பாகம் இன்னொன்று. எது அசையாது, எது மாறும் என்று எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அதைச் செய்யாதவர்கள் மூன்றாவது எபிசோடில் கை பிசைந்து நிற்பார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த 'உப்பின் இப்பின்' என்ற மலாய் அனிமேஷன் தொடரையே எடுத்துக்கொள்வோம். 2007-ல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கியது. அதில் ஜர்ஜிட் சிங் என்ற பையன் பந்துன் என்கிற மலாய்ப் பாட்டைச் சொல்லிக்கொண்டே இருப்பான். 'டுவா தீகா', அதாவது 'இரண்டு மூன்று' என்று அவன் வாயைத் திறந்ததுமே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பந்துனின் வடிவமே இதற்குத் தோதானது. முன்வரிகள் தாளத்தையும் சத்தத்தையும் பிடித்துக்கொடுக்கும், பின்வரிகளில்தான் சொல்ல வந்த விஷயம் இருக்கும். ஆக, தொடக்கம் நிற்கிறது, முடிவு சூழலுக்குத் தக்க மாறுகிறது. இந்த மண்ணில் காலகாலமாக இருந்த ஒரு வடிவத்தை ஒரு சின்னப் பையன் வாயில் வைத்தார்கள், அது தொடர் முழுக்கத் தாங்குகிறது. அதே தொடரில் இப்பின் சொல்லும் 'பெத்துல் பெத்துல் பெத்துல்', அதாவது 'சரி சரி சரி', வேறு வகை. அதில் நிற்கிற பாகம் மட்டும்தான் உண்டு. குழந்தைகள் கூடச் சேர்ந்து சொல்ல அது இனிமையாக இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு கதையை நகர்த்த முடியாது. அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், தொடர் ஜோக் கிடைத்த மாதிரிதான் என்று நினைப்பது புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழக் காட்சி நம் எல்லாருக்கும் மனப்பாடம். அங்கே பதில் நிற்கிறது, கேள்விதான் மாறுகிறது. கேட்கிறவரின் கோபம் படிப்படியாக ஏறுகிறது, பதில் சொல்கிறவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எந்தப் பாதியை நிறுத்துவது என்பது உங்கள் இஷ்டம். இரண்டையும் மாற்றினால் அது புது ஜோக்காகிவிடும். இரண்டையும் நிறுத்தினால் சலித்துவிடும்.

அதே 1989 டிசம்பரில் அமெரிக்காவில் 'தி சிம்ப்சன்ஸ்' முழு நீளத் தொடராக வரத் தொடங்கியது. 1987-லிருந்தே வேறொரு நிகழ்ச்சிக்குள் குட்டிக் குட்டித் துணுக்குகளாக வந்துகொண்டிருந்த குடும்பம் அது. இந்தக் கலையைப் படிக்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மகன் பார்ட், மோ என்பவரின் மதுக்கடைக்குப் போன் போட்டு ஒரு பெயரைச் சொல்லி அந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று கேட்பான். மோ கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைக் கத்துவார். கத்திய பிறகுதான் அது கோணலான அர்த்தம் தரும் சொல் என்று அவருக்கு உறைக்கும். கடையே சிரிக்கும், அவர் போனில் மிரட்டுவார். நான்கு படி, பெயர் மட்டும்தான் மாறும். இப்படிப் பழக்கிவிட்டு 1991-ல் ஓர் எபிசோடில் என்ன செய்தார்கள் தெரியுமா? மோ பெயரைக் கூப்பிட்டதும், நிஜமாகவே அந்தப் பெயருள்ள ஆள் எழுந்து வந்து போனை வாங்கிப் பணிவாகப் பேசுகிறார். இப்போது மாட்டிக்கொண்டது பார்ட். சட்டத்தை முதலில் நிலைநாட்ட வேண்டும், உடைப்பது அப்புறம். முதல் தடவையே உடைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

தந்தை ஹோமருக்கு ஒரு முதலாளி. வருஷக்கணக்காக வேலை பார்க்கும் இவரது பெயர் அவருக்கு ஞாபகமே இருக்காது. பார்க்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் 1995-ல் அந்த முதலாளி சுடப்படும் கதை வந்தபோது, பெயர் மறந்துபோகும் அந்தப் பழைய ஜோக்கே ஹோமர் மேல் சந்தேகம் விழக் காரணமாக நின்றது. ஆத்திரத்தில் முதலாளியின் அறைச் சுவரிலேயே தன் பெயரை எழுதும் அளவுக்குப் போய்விடுகிறார். ஒரு தொடர் ஜோக் அடையக்கூடிய உச்சம் இதுதான் என்பேன். விளையாட்டாக விதைத்தது கதைக்கே காரணமாகிவிடுகிறது.

வெறும் திரும்பச் செய்தலே சிரிப்பாக முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அதற்குத் தைரியம் வேண்டும். 1993-ல் வந்த ஓர் எபிசோடில் சைட்ஷோ பாப் என்ற வில்லன், சருகு வாரும் நீளப் பிடி பல்வாரியை மிதிக்கிறான். பிடி எகிறி முகத்தில் அடிக்கிறது. முனகுகிறான், திரும்புகிறான், அடுத்ததை மிதிக்கிறான். மொத்தம் 9 முறை. எபிசோடு நேரம் குறைவாக இருந்ததால் இழுத்தார்கள். முதல் இரண்டுக்குச் சிரிப்பு வரும். நாலு, ஐந்தில் சலிப்புத் தட்டும். ஏழுக்கு மேல், 'இன்னுமா?' என்ற நினைப்பே சிரிப்பாகிவிடும். இதைக் காப்பியடிக்கிறவர்கள் நாலோடு நிறுத்திவிடுவார்கள். அது சலிப்பு உச்சத்தில் இருக்கும் இடம். ஒன்று இரண்டோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடைசி வரை போங்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். ஒரு ஜோக்கைக் கட்டிக் காட்டுகிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. அப்பா பெயர் மணியம் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கஞ்சில் என்ற பழைய சின்னக் காடி, அதாவது கார், ஒன்று. கீழே இடம் கிடைக்காது, இன்னொரு காடியை மறித்து நிறுத்துவார். நம்மூர் வழக்கப்படி டாஷ்போர்டில் போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்றை வைத்துவிட்டு, 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லிவிட்டுப் போவார். வெயிலில் மை வெளுத்து, கடைசி 7 இப்போது 1 மாதிரித் தெரிகிறது. மாட்டிக்கொண்டவர் போன் போட்டால் மணி அடிப்பது வேறு ஊரான தெலுக் இந்தானில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில்.

அசையாத பாகம்: 'ரெண்டே நிமிஷம்', ஹாரன் சத்தம், அட்டை, பாட்டியின் போன். மாறுகிற பாகம்: யார் மாட்டினார், பாட்டி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன பதில் சொன்னார். படமாக 4 ஷாட். அட்டையின் அண்மைக் காட்சி, எண்ணை அழுத்தும் விரல், அடிக்கும் போன், பாட்டி எடுத்துப் பேசுவது. முதல் மூன்றையும் ஒரே தடவை வரைந்து வைத்துக்கொண்டு தொடர் முழுக்கப் பயன்படுத்தலாம், நாலாவது மட்டும் புதிது. காசு குறைவாக உள்ள நிறுவனத்துக்கு இது பெரிய உபகாரம். 2011-ல் தொடங்கிய 'பாப்ஸ் பர்கர்ஸ்' தொடரின் தொடக்கக் காட்சியில் பக்கத்துக் கடையின் பெயரும் பூச்சி மருந்து வேனின் பெயரும் வாராவாரம் மாறும். காட்சி அதேதான், எழுத்து மட்டும் மாறுகிறது.

13 எபிசோடு உள்ள ஒரு தொடரில் இதை எப்படிப் பரப்புவது? முதல் எபிசோடில் 20 நொடி கொடுத்து முழுசாகக் காட்டுங்கள், 7 எப்படி 1 ஆனது என்பது உட்பட. இரண்டாவதில் 9 நொடி. மூன்றாவதில் வேண்டாம், தூரத்தில் ஹாரன் சத்தம் மட்டும் போதும். நாலாவதில் வீட்டுக்குள் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும், பின்னணியில் போன் அடிக்கிற ஓசை வந்து போகட்டும். மிச்சத்தைப் பார்க்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். ஆறாவதில் திட்டப் போன் போட்டவர் பாட்டியிடம் மீன் குழம்புக்குப் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார், காடி விஷயமே மறந்துபோயிருக்கும். எட்டாவதில் உடைக்க வேண்டும். மணியத்தின் போன் தொலைந்துவிடுகிறது. சொந்த நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, அட்டையைப் பார்த்தே எண்ணை அழுத்துகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து, 'அந்த மணியம் தம்பியை வந்து காடிய எடுக்கச் சொல்லுப்பா, எத்தன பேருதான் எனக்குப் போன் போடுவாங்க!' என்று வருகிறது. 'நான்தாம்மா அது' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

பன்னிரண்டாவதில் அறுவடை. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் கடைக்குட்டி தொலைந்துபோகிறான். தினமும் காடியில் பார்த்த அந்த அட்டை நம்பர்தான் அவனுக்கு மனப்பாடம். போலீஸ்காரர் அடிக்கிறார், பாட்டி எடுக்கிறார். மணியத்தின் நிஜ நம்பர் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் மணியத்தால் மாட்டிக்கொண்ட அத்தனை பேர் நம்பரும் அவர் போனில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். இதுவரை திட்டித் தீர்த்த தெருவே பையனைத் தேடிக் கிளம்புகிறது. இதைக் கடைசி எபிசோடில் வைக்காதீர்கள். பாட்டி செந்தூலுக்கு வந்து அந்தக் காடியை நேரில் பார்க்க ஓர் எபிசோடு மிச்சம் வேண்டும்.

இதெல்லாம் தாங்குவதற்குக் காரணம், மணியம் கெட்டவர் இல்லை. இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவோம் என்று மனசார நம்புகிறார். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று ஒரு கை உதவி செய்வார், நேரம் போய்விடும். பாத்திரத்தின் குணத்திலிருந்து பிறக்காத ஜோக்கை எத்தனை தடவை திரும்பக் கொண்டுவந்தாலும் ஒட்டாது. 'நானும் ரெண்டே நிமிஷம்' என்று மகளையும் சொல்ல வைத்தால் அன்றோடு அந்த ஜோக் செத்துவிடும்.

கெட்டுப்போகும் வழிகள் இன்னும் உண்டு. பக்கத்தில் நிற்கும் பாத்திரம் 'ஐயோ, மறுபடியுமா!' என்று விளக்கம் சொல்வது, ஒவ்வொரு முறையும் அதே 'டொய்ங்' இசையைப் போடுவது, பாத்திரங்களே சிரித்துவிடுவது. மூன்றையும் வெட்டி எறியுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். ஹோமர் எரிச்சலில் விடும் 'டோ' சத்தம், ஸ்கிரிப்டில் எரிச்சல் முனகல் என்று மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. குரல் கொடுத்த டேன் காஸ்டெலனெட்டா பழைய லாரல் ஹார்டி படங்களில் வரும் ஒரு நடிகரைப் பார்த்து அதை நீட்டி இழுத்தார். அனிமேஷனுக்கு இவ்வளவு நீளம் ஆகாது, சுருக்குங்கள் என்றார்கள். சுருங்கிய சத்தம்தான் 2001-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் போனது. நம் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 பிரேம். முகம் மாறுவதற்கு முன் 12 பிரேம் சும்மா விட்டால், அந்த அரை நொடியில்தான் சிரிப்பு பிறக்கும். 5 பிரேம் விட்டால் கவனத்தில் படாது, 40 விட்டால் வீடியோ நின்றுவிட்டதோ என்று தோன்றும். குரலை முதலில் பதிவு செய்து, காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு படங்களை அதோடு ஓட்டி, அனிமேட்டிக் என்கிற முன்னோட்டம் பார்க்கும்போதே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வரைந்து முடித்த பிறகு மாற்றினால் காசு போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பேச்சு வழக்கை, உச்சரிப்பை வைத்துத் தொடர் ஜோக் கட்டாதீர்கள். 'சிம்ப்சன்ஸ்' தொடரில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரர். அவருக்குக் குரல் கொடுத்தவர் இந்தியர் அல்லாத ஹாங்க் அசாரியா. அந்த இழுத்த உச்சரிப்பும் வாடிக்கையாளரை வழியனுப்பும் வசனமும் அமெரிக்காவில் நம்மவர் பிள்ளைகளைக் கேலி செய்யும் ஆயுதமாகிவிட்டன என்பதை 2017-ல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் ஓர் ஆவணப்படமாகவே எடுத்துக் காட்டினார். 2020-ல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். பல இனம் சேர்ந்து வாழும் இந்த ஊரில் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பேசும் தமிழும், தமிழர் பேசும் மலாயும் சுலபமாகச் சிரிப்பு வாங்கிக் கொடுக்கும். அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடத் திடலில் ஒரு பிள்ளையின் மேல் போய் விழும். அந்தத் தவுக்கே பாத்திரத்துக்கும் மணியத்துக்குக் கொடுத்த மாதிரி ஒரு குணத்தைக் கொடுங்கள், ஜோக் தானாக வரும்.

கடைசியாக மலாய் சப்டைட்டில். நம் தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கீழே அது ஓடும். ஒரு வசனம் முழுவதும் ஒரே வரியாக வந்துவிட்டால், பாட்டி வாயைத் திறப்பதற்குள் படிக்கிறவர் சிரித்து முடித்திருப்பார். சிரிப்பு விழும் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளி, குரல் அந்தச் சொல்லைத் தொடும்போது திரையில் வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். அனிமேட்டிக்கில் அரை நொடி இடைவெளி குறித்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தக் குறிப்பையே சப்டைட்டில் போடுகிறவருக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

வணக்கம்.