தாலி இருந்தது, பேப்பர் இல்லை

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில், ஓய்வு பெற்ற தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் இதே மண்டபத்தில் கூழ் ஊற்றிய பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். நாட்டில் உள்ள எல்லாக் கல்யாணங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவதற்காக 2023 இறுதியில் நாடாளுமன்றத்துக்கு வந்ததே ஒரு மசோதா, அதைப் பற்றிய பேச்சு. நம் சடங்குக் கல்யாணத்துக்கு அதில் என்ன இடம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து நிமிடத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்வதும் கல்யாணமா, அதையும் நம்முடையதையும் ஒரே சட்டத்தில் எழுதுவார்களா என்று குரல் ஏறியது. நான் மதிக்கிற ஒரு பெரியவர், "அதுக்குக் கல்யாணம்னு பேர் வைக்கிறதே பாவம்" என்றார். அன்று நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் இன்று மேடை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

என் ஆயாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆயாவுக்கு டர்பனின் இன்னொரு பக்கத்தில் இருக்கிற கேட்டோ மேனரில் கல்யாணம். பந்தக்கால் நட்டு, அரசாணிக்கால் வைத்து, ஐயர் மந்திரம் சொல்லி, ஊரே சாப்பிட்ட கல்யாணம். தாத்தா மஞ்சள் கயிற்றில் தாலி கட்டினார். ஏழு பிள்ளைகள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கேட்டோ மேனரை விட்டு விரட்டியபோது, சட்டி பானையையும் சாமி படத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு இந்த சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். வந்த சில வருஷத்தில் தாத்தா போய்விட்டார். காரியம் முடிந்து, அவருக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்க ஆயா ஓர் அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது.

சர்ட்டிஃபிகேட் எங்கே என்று கேட்டார்கள். ஆயாவிடம் இல்லை. அப்படியானால் நீ அவருக்கு யார் என்று அடுத்த கேள்வி. ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பதினாறாம் நாள் கழற்றிய தாலியை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதை அந்த மேஜை மேல் வைத்துவிட்டு, "இதுதான் என் பேப்பர்னு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்த மனிதர் அதைத் தொடக்கூட இல்லை. பைலை மூடிவிட்டு, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னார். அந்தச் சொல்லை என் வாயால் தமிழாக்கி ஆயாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அது என் நாக்கில் இருக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் பெரியம்மா, பாட்டி யாரோ ஒருவருக்கு இது நடந்திருக்கும். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகப் பிறப்புச் சீட்டு வாங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

இதன் வேர் 1913இல் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் மனைவியைக் கேப் துறைமுகத்தில் இறங்கவிடவில்லை. வழக்கு நீதிபதி சேர்ல் முன்னால் வந்தது. பல தாரத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணம் ஆகாது என்று அந்த மார்ச் மாதம் தீர்ப்பு எழுதினார். ஒருத்தியோடு மட்டும் வாழ்ந்தவனின் கல்யாணமும் அதில் விழுந்தது. கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்த நம் பாட்டிகள் ஒரே பேனாக் கீறலில் வைப்பாட்டிகள் ஆனார்கள். அவர்கள் வயிற்றில் பிறந்தவர்கள் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள்.

நம் பெண்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்து, போராட்டத்துக்குப் புறப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று ஆண்களிடம் சொன்னார்கள். மூன்று மாதம் கடுங்காவல், மேரிட்ஸ்பர்க் சிறை. அதே போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பதினாறு வயது. அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது. ஒரு தாரக் கல்யாணத்தைப் பதிவு செய்தால் செல்லும் என்று ஆயிற்று. பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. என் ஆயா அப்படி விடுபட்டவர்களில் ஒருத்தி. சடங்கு மட்டும் நடந்து பதிவாகாத ஓர் இந்து மனைவிக்கும் கணவன் சொத்தில் பங்கு உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது இந்த நூற்றாண்டில்தான். முஸ்லிம் பெண்களுக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் நியாயம் சொல்ல 2022 ஆகிவிட்டது.

உன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சொல்லக் கேட்டுக் கூனிப்போன குடும்பம் நம்முடையது. அந்தச் சொல்லை எடுத்து இன்னொருவர் மேல் வீச நமக்கு எப்படிக் கை வருகிறது?

2006ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எழுதியவர் ஆல்பி சாக்ஸ். இனவெறி அரசு மொசாம்பிக் நாட்டு மபூட்டோவில் அவர் காரில் குண்டு வைத்து வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் பறித்தது. தன்பாலினத்தவரைத் திருமணத்துக்கு வெளியே நிறுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு. அதற்குள் செய்யாவிட்டால் பழைய திருமணச் சட்டத்தில் கணவன், மனைவி என்று வருகிற இடத்தில் வாழ்க்கைத்துணை என்ற சொல்லும் தானாகச் சேர்ந்துவிடும்.

அந்த ஓராண்டில் நாடே இரண்டாகப் பிளந்து பேசியது. ஊர் ஊராகப் பொது விசாரணை வைத்தார்கள். பல இடங்களில் மேடை ஏறிய தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். இங்கே பக்கத்தில் ஸ்டேங்கரில், செப்டம்பர் மாதம் பாரம்பரிய நாள் கூட்டத்தில், பின்னாளில் நாட்டின் அதிபரான ஜேக்கப் சூமா இந்தக் கல்யாணங்கள் தேசத்துக்கும் கடவுளுக்கும் அவமானம் என்று பேசினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டு நம் தெருவிலும் கை தட்டியவர்கள் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முதலில் வந்த மசோதாவில் கல்யாணம் என்ற சொல்லே இவர்களுக்குக் கிடையாது. 'சிவில் பார்ட்னர்ஷிப்' என்று தனியாக ஒரு பெயர். உரிமை எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு என்றார்கள். இன்றைக்கும் நல்ல மனசுக்காரர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லாம் கொடுத்துவிடுங்கள், அந்தப் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள்.

இந்த மண்டபத்தில் என் வயதுக்காரர்கள் கொஞ்சம் யோசியுங்கள். டர்பன் கடற்கரையில் நமக்கென்று ஒரு துண்டு மணல் ஒதுக்கியிருந்தார்கள். கடல் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான், உப்பும் அதேதான். பார்க்கில் பெஞ்சு வேறு. தபாலாபீசில் வரிசை வேறு. ஸ்டாம்பு அதே ஸ்டாம்புதான். தனியாக இருந்தாலும் சமம்தானே என்று வெள்ளைக்காரன் சொன்னபோது நமக்கு வயிறு எரிந்தது எதற்காக? அந்தப் பெஞ்சு உட்கார வசதியாகத்தான் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்த எழுத்துதான் எரிந்தது. நீதிபதி சாக்ஸ் தன் தீர்ப்பில் எச்சரித்ததும் இதைத்தான். பிரித்து வைத்துவிட்டு சமம் என்று சொல்லும் பழைய தந்திரத்துக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று நாடாளுமன்றத்துக்குச் சொல்லியிருந்தார். கடைசிக் கட்டத்தில் மசோதாவைத் திருத்தினார்கள். கல்யாணம் என்றோ பார்ட்னர்ஷிப் என்றோ, எதை வேண்டுமோ அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, தேசிய அவையில் வாக்கெடுப்பு. 230 பேர் ஆதரவு, 41 பேர் எதிர்ப்பு. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் கென்னத் மெஷோ, பன்னிரண்டு ஆண்டு ஜனநாயகத்தில் இதுவே சோகமான நாள் என்றார். அவர் நம்பிக்கையிலிருந்து பேசினார், அதை நான் கேலி செய்ய மாட்டேன். பாதுகாப்பு அமைச்சர் லெகோட்டா எழுந்து, விடுதலைப் போரில் தன்பாலின ஈர்ப்பாளர்களும் நம்மோடு நின்றார்களே, அவர்களுக்கு இப்போது எப்படி இல்லை என்று சொல்வது என்று கேட்டார். அவர் சும்மா கேட்கவில்லை. இனவெறி அரசு போட்ட டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் அவரோடு கூண்டில் நின்றவர் சைமன் என்கோலி. தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதைச் சிறைக்குள்தான் என்கோலி தன் சகாக்களிடம் சொன்னார். முதலில் சிலர் ஒதுங்கினார்கள். தூக்குத் தண்டனைகூட வரலாம் என்கிற வழக்கில் கூட நிற்கிறவனை எத்தனை நாள் ஒதுக்க முடியும்? விடுதலையாகி வந்து 1990இல் ஜோகன்னஸ்பர்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் முதல் பிரைடு ஊர்வலத்தை நடத்தினார். 1998 நவம்பர் 30 அன்று இறந்தார். எட்டு ஆண்டு கழித்து அதே நவம்பர் 30 அன்று இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் ஐந்தாவது நாடு நாம், ஆப்பிரிக்காவில் முதல்.

நாளைக்குக் கோயிலிலும் செய்யச் சொல்வார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு மத அமைப்பு தானாக விண்ணப்பித்தால்தான் இந்தக் கல்யாணத்தை நடத்தும் அதிகாரம் அதற்கு வரும். விண்ணப்பிக்காத கோயிலை யாரும் தொட முடியாது. மனசாட்சி ஒப்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள அரசு அதிகாரிகளுக்கு இருந்த சலுகையைத்தான் 2020இல் எடுத்தார்கள். சம்பளம் வாங்கும் அதிகாரி கவுண்டரில் ஆள் பார்த்து வேலை செய்யக் கூடாது. நமக்கு அது தெரியாதா?

பெரும்பான்மை மக்கள் எதிர்க்கிறார்களே என்கிறார்கள். இந்த நாட்டில் ஓட்டுப் போட்ட பெரும்பான்மை என்னென்ன செய்தது என்பதற்கு நாம் உட்கார்ந்திருக்கிற இந்த சாட்ஸ்வொர்த்தே சாட்சி. பிள்ளை பெறத்தானே கல்யாணம் என்கிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதிகள் நம் முன் வரிசையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் மனசு நோகும்படி இதற்கு மேல் அதைப் பேச மாட்டேன்.

நம் கிளேர்வுட் பெண் நவநீதம் பிள்ளையைப் பற்றி நாம் எல்லாரும் பெருமை பேசுகிறோம். பஸ் டிரைவர் மகள். ஏழை ஜனம் காசு சேர்த்துப் படிக்க வைத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையர் வரைக்கும் போனார். அந்தப் பதவியில் இருந்தபோது 2013இல் கேப் டவுனுக்கு வந்து தொடங்கி வைத்த இயக்கம் எதற்காக என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் சுதந்திரமாக, சமமாக வாழ வேண்டும் என்பதற்காக. டெஸ்மண்ட் டூட்டு அருகில் இருந்தார். இவர்களை வெறுக்கிற சொர்க்கம் என்றால் அங்கே போக மாட்டேன் என்று சொன்னவர் அந்தப் பேராயர்.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டம்.

என் தம்பிக்கு ஒரு மகன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. காவடிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். அவனும் இன்னொரு பையனும் பன்னிரண்டு வருஷமாக ஒன்றாக வாழ்கிறார்கள். கல்யாணம் பதிய முதலில் போன அலுவலகத்தில், எங்களால் முடியாது, வேறு ஊருக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் பதிந்தது. முன்னாடியே வீட்டுக்கு வந்து, "அத்தை, நீங்க மட்டும் வந்தா போதும்" என்றான். அப்பன் வர மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

நான் போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். முட்டி வலி இருந்தது உண்மை. ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது இல்லை. நம் ஜனம் என்ன சொல்லும் என்று பயந்தேன். சீர்த்தட்டோடு அத்தை நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவனோடு வேலை செய்கிற இரண்டு பேர்.

பிறகு அந்தப் பையனுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இவனைப் பார்த்து, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாளாம். கணவன் என்று சொல்லிப் பேப்பரைக் காட்டியிருக்கிறான். உள்ளே விட்டார்கள். இதை அவன் போனில் சொன்னபோது எனக்கு அந்த மேஜை கண்ணில் வந்தது. ஆயாவையும் இதே கேள்விதான் கேட்டார்கள். ஆயாவிடம் தாலி இருந்தது, ஊர் இருந்தது, பேப்பர் இல்லை. இவனிடம் பேப்பர் இருக்கிறது. ஊர் இல்லை, உறவு இல்லை. ஆயாவை அலுவலகம் கைவிட்டது. இவனை நான் கைவிட்டேன்.

அலுவலகம் செய்ததைத் திருத்த ஒரு போராட்டமும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. நான் செய்ததைத் திருத்த ஒரு போன் போதுமாக இருந்தது. அதற்கே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. போன வாரம்தான் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அத்தை, ஆயாவோட அந்தத் துணி முடிச்சு இன்னும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. என் இரும்புப் பெட்டியில், அதே துணியில்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைப் பார்க்க வருகிறார்கள். ஆயாவுக்குப் படைக்கிற மாதிரி ஆட்டுக்கறியும் பருப்பும் செய்து வாழை இலை போடப் போகிறேன். என் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாக அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கும் ஓர் இலை போட்டு வைப்பேன்.