250 புள்ளி இடைவெளி

பிள்ளைகளே, கூட்டி வந்திருக்கிற அப்பா அம்மாக்களே, வணக்கம்.

காலையில் இந்தச் சதுரங்கப் போட்டியின் பேரிங்கை, யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியலை, சுவரில் ஒட்டியபோது நானும் அங்கே நின்றிருந்தேன். ஒரு சிறுமி எதிராளியின் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணை, விரலால் தொட்டுப் பார்த்தாள். “போச்சு” என்றாள். ஆட்டம் தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அந்த எண் பொய் சொல்லாது. ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கு அது. 1970இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்டது. ரேட்டிங்கில் 250 புள்ளி குறைந்தவர், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில், பத்து ஆட்டத்தில் சுமார் இரண்டு புள்ளி எடுப்பார் என்கிறது. எந்த ஆட்டத்தில் என்று மட்டும் சொல்வதில்லை.

2022 பிப்ரவரி. ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ், இணையவழி ரேபிட், அதாவது விரைவு ஆட்டப் போட்டி. ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். எட்டாவது சுற்றில் நம் சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தாவுக்குக் கறுப்புக் காய். வயது 16. எதிரே அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன். ரேட்டிங் இடைவெளி ஏறக்குறைய அதே 250. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது.

அதற்கு முந்தைய ஏழு ஆட்டங்களில் அவர் நான்கு தோற்றிருந்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நான்கு அடி வாங்கியவர், பெரிய ஆளைப் பார்த்ததும் ஒன்று குருட்டாம்போக்கில் பாய்வார், இல்லையென்றால் டிராவுக்கு ஏங்குவார். இவர் இரண்டும் செய்யவில்லை. 32ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ஒரு குதிரையைத் தப்பாக வைத்தார். 39ஆவதில் ஆட்டம் முடிந்தது, பிரக்ஞானந்தாவுக்கு வெற்றி. பெரியவர் 32இல் தவறினாலும், 31 வரை நாம் விழாமல் இருந்தால்தானே அது நமக்கு உதவும்?

அப்புறம் என்ன ஆனது? பிரக்ஞானந்தா காலிறுதிக்குப் போகவில்லை. கோப்பை கார்ல்சனுக்கு. எலோ கணக்கும் தோற்கவில்லை பாருங்கள். ஆனால் அதே ஆண்டு மே மாதம் இன்னொரு போட்டியில் அவர் கார்ல்சனை மறுபடி வென்றார்.

சரி, அந்தச் சிறுமி. தோற்றுவிட்டாள். நகர்த்தல்களை அவள் எழுதி வைத்த ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். 47 நகர்த்தல். 40 வரை இருவருக்கும் காய் சமம். பென்சில் எழுத்து கடைசி வரை அழுத்தமாக இருந்தது. பாப்பா, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? அடுத்த சுற்றுக்குப் பேரிங் ஒட்டிவிட்டார்கள்.