குருவைக் கேள்வி கேட்டால் அது குருநிந்தையா?

(திரையில்: காலி வீதி, வெள்ளவத்தை, காலை நேரம்)

வணக்கம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கொழும்பில் நம்மவர்கள் இருக்கும் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு வீட்டில் சத்சங்கம் நடக்கும். கதிரையில் குருவின் படம், அதற்கு ஒரு மாலை, முன்னால் பஜனை. பெரும்பாலும் நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "சாமியைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்திருக்கிறதாமே, உண்மையா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். குருநிந்தை பாவம் என்று சொல்லி அவரை அப்படியே உட்கார வைத்துவிடுவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டும். நமக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறவரிடம் அந்த ஒழுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது சீடனின் கடமை.

(திரையில்: 1984, 1994, 1997, 2005 என்று ஆண்டுகள் ஒவ்வொன்றாக)

இலங்கைத் தமிழர் நாம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் பிரேமானந்தா வழக்கு. மாத்தளையில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984 இல் தமிழ்நாட்டுக்குப் போய்த் திருச்சிக்குப் பக்கத்தில் ஆசிரமம் அமைத்தார். வாயிலிருந்து லிங்கம் எடுத்துக் காட்டுவார். அந்த ஆசிரமத்தில் இலங்கையிலிருந்து போன ஆதரவற்ற பிள்ளைகளும் வளர்ந்தார்கள். 1994 இல் அவர் கைதானார். 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம், 13 பெண் பிள்ளைகளை வன்புணர்ந்த குற்றத்துக்கும் ஆசிரமத்தில் இருந்த இலங்கை இளைஞர் ஒருவரின் கொலைக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுப் பரிசோதனையும் அவருக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்று. 2005 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தண்டனைக் காலத்திலேயே, 2011 இல் அவர் இறந்தார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் குற்றமற்றவர் என்று நம்புகிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட குருக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பக்தர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "எனக்கு அவர் நல்லதுதான் செய்தார்." அது உண்மையாகவே இருக்கலாம். சொந்த வீடும் காரும் செல்வாக்கும் உள்ள பக்தரிடம் ஒரு குரு தவறாக நடக்க எளிதில் துணியமாட்டார். போக இடமில்லாத பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால் நமக்குக் கிடைத்த நன்மை, அந்தப் பிள்ளைக்கு நடந்ததற்கு மறுப்புச் சாட்சியாகாது.

(திரையில்: அரண்மனை உள்வாசல், ஓவியம்)

சரி, சைவர்கள் எடுத்து வைக்கும் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் போவது நியாயமில்லை. மெய்ப்பொருள் நாயனார் கதை. மன்னரான நாயனாரைப் போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். மன்னர் அந்த வேடத்தை வணங்குகிறார். அவன் குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனிடம், "தத்தா நமர்" என்று தடுத்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். "பார்த்தீர்களா, உள்ளே என்ன இருந்தாலும் வேடத்தை வணங்குவதுதான் சைவம்" என்பார்கள்.

கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் முத்தநாதனை அடியார் என்று நம்பி எங்கும் ஏமாறவில்லை. உள்ளே கறுப்பை வைத்திருக்கும் மைபொதி விளக்கு என்கிறார், பொய்த்தவ வேடம் என்கிறார். நாயனாரின் அன்புதான் அங்கே போற்றப்படுகிறது. அந்த வேடதாரிக்கு ஒரு சொல் புகழ்ச்சி கிடையாது. அப்புறம், முத்தநாதன் என்ன கேட்கிறான்? உனக்கு ஆகமம் சொல்லித் தருகிறேன், நீயும் நானும் தனியாக இருக்க வேண்டும் என்கிறான். அரசி விலகிப் போகிறார். இரகசிய உபதேசம், தனி அறை, மற்றவர்கள் வெளியே. இதே வரிசையில்தான் இன்றைக்கும் நடக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, நாயனார் கொடுத்தது தன் உயிரை என்பதுதான். குத்துப்பட்டவர் அவர், மன்னித்தவரும் அவர். வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு நடந்த கொடுமையை மன்னித்துவிடும்படி சொல்ல நமக்கு அந்தக் கதையில் அனுமதி எதுவும் இல்லை.

(திரையில்: நல்லூர்த் தேரடி)

இன்னொரு வாதம், "ஞானிகள் அப்படித்தான், அவர்களுக்கு நம் சட்டம் பொருந்தாது." இதற்கு யாழ்ப்பாணத்தாரே செல்லப்பா சுவாமியைச் சொல்வார்கள். நல்லூர்த் தேரடியில் பித்தனைப் போல் இருந்தவர், யோகர் சுவாமிகளின் குரு. வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் அவர் ஏசியது ஆட்களைத் தன்னிடமிருந்து விரட்ட. காசும் கேட்கவில்லை, கூட்டமும் சேர்க்கவில்லை. கோபத்தைக் காட்டி ஆட்களைக் கட்டிப்போடுகிறவரை அவரோடு ஒப்பிடுவதே செல்லப்பருக்குச் செய்யும் அவமரியாதை.

(திரையில்: கொழும்பு விகாரை ஒன்றின் வெளித்தோற்றம்)

நம் அயலில் இருக்கும் பௌத்தத்திலும் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் அவர் தன்னையே கண்ணாலும் காதாலும் சோதித்துப் பார்க்கும்படி பிக்குகளுக்குச் சொல்கிறார். புகழ் வருமுன் ஒருவரிடம் தெரியாத ஆபத்துகள் புகழ் வந்தபின் தெரியலாம், அதையும் பாருங்கள் என்கிறார். பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்திலும், ஆசான் குற்றத்தை நெருங்கும்படி பேசினால் சீடன் அவரைத் தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. குருவையே புத்தராகக் காணச் சொல்லும் திபெத்திய மரபில்கூட, 2017 இல் சோக்யால் ரின்போச்சே என்ற ஆசானின் நீண்டகாலச் சீடர்கள் எட்டுப் பேர் அவர் செய்த துன்புறுத்தல்களை எழுதி வெளியிட்டார்கள். தலாய் லாமா அவர்கள் பக்கம்தான் நின்றார். தவறு செய்யும் ஆசானைப் பகிரங்கப்படுத்துங்கள் என்று 1993 இலிருந்தே சொல்லி வந்தவர் அவர்.

(திரையில்: தொலைபேசி இலக்கங்கள் 1929, 1938)

அப்படியென்றால் நாம் எதைப் பார்ப்பது? அற்புதங்களை விடுங்கள். பணம் யார் பெயரில் போகிறது, கணக்கறிக்கையை உறுப்பினர்கள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். விலகிப் போனவர்களைப் பற்றி உள்ளே எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். விலகியவர்களையே தேடிப் போய்ப் பேசுவது இன்னும் நல்லது. பிள்ளைகளைக் குருவோடு தனி அறையில் விடாதீர்கள். சேவைக்கு என்று இரவு தங்க அனுப்பாதீர்கள். இது ஆசிரமத்துக்கு மட்டும் உரியதல்ல. அறநெறிப் பாடசாலை, தேவாலயம், மதரசா, விகாரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால், "சாமியிடமே கேட்டுவிடுவோம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பரிபாலன சபையைக் கூட்டிச் சமாதானமும் பேசாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் நம் நாட்டுச் சட்டத்தில் சம்மதம் ஆகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. பெண்களுக்கு 1938. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே அழையுங்கள்.