தலைநகரைப் பிடித்தார்கள், போரைத் தோற்றார்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் வண்டிச் சத்தம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில், மாலியோபோரோ வீதியின் தெற்கு முனையில். ஒரு பக்கம் விரெடெபர்க் கோட்டை, டச்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. சாலைக்கு எதிர்ப்புறம், மரங்களுக்குப் பின்னால் தெரிகிற மாளிகையில்தான் குடியரசின் முதல் ஜனாதிபதி சுகர்ணோ 1946 முதல் இருந்தார். ஜகார்த்தாவில் டச்சுக்காரர்களின் கை ஓங்கியதும், தலைநகரையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

1948 டிசம்பர் 19 காலை. நகருக்கு வெளியே மகுவோ விமானத் தளத்தில் டச்சு பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். அன்றைக்கே ஊர் அவர்கள் வசம். சுகர்ணோ, துணை ஜனாதிபதி ஹத்தா, முன்னாள் பிரதமர் சுடான் ஷாரிர், வெளியுறவு அமைச்சர் அகுஸ் சலீம் என்று தலைவர்கள் எல்லோரும் கைது. தலைநகரும் போய், தலைவர்களும் போய்விட்டால் போர் முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? டச்சுத் தளபதிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் இந்தோனேசியாவை இழந்த நாளே அதுதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் இந்தோனேசியாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் சரணடைந்த இரண்டாம் நாள், 1945 ஆகஸ்ட் 17 அன்று, சுகர்ணோவும் ஹத்தாவும் ஜகார்த்தாவில் சுதந்திரத்தை அறிவித்தார்கள். அதற்கு முன் இதைக் காலனியாக ஆண்ட டச்சுக்காரர்களின் நாடு, நெதர்லாந்து, அதை ஏற்கவில்லை. ஐந்து வருடம் ஜெர்மனியின் பிடியில் கிடந்து, அந்த மே மாதம்தான் மூச்சுவிட்ட நாடு அது. வந்தவர்கள் ஆளுவது எப்படி வலிக்கும் என்று புதிதாகத் தெரிந்துகொண்டவர்களே ரப்பரையும் சர்க்கரையையும் எண்ணெயையும் மீட்கக் கப்பல் ஏறினார்கள். 1947 ஜூலையில் முதல் பெரிய தாக்குதல். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஆபரேஷன் புராடக்ட்'. தோட்டங்களும் எண்ணெயும்தான் குறி என்பதை மறைக்கக்கூட முயலவில்லை.

ஆனால் குடியரசின் முதல் பெரிய சண்டை டச்சுக்காரர்களோடு நடக்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1945 அக்டோபரில், சரணடைந்த ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்க, சுரபாயா துறைமுகத்தில் இறங்கியது பிரிட்டிஷ் இந்தியப் படையின் 49ஆவது காலாட்படை பிரிகேட். அதன் தலைவர் பிரிகேடியர் மல்லபி அக்டோபர் 30 அன்று கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று நகரத்தின் மேல் குண்டு மழை. மூன்று வாரம் போல வீதிச் சண்டை, ஆயிரக்கணக்கான சாவுகள். பிரிட்டிஷ் தரப்பில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். நம் நாட்டிலும் விடுதலைக்குரல் உச்சத்தில் இருந்த நேரம் அது! சிலர் படையை விட்டுக் குடியரசின் பக்கம் போனார்கள். மற்றவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சுட்டார்கள். இன்றும் நவம்பர் 10தான் அங்கே மாவீரர் நாள்.

சரி, டிசம்பர் 19க்கு வருவோம். படைத்தலைவர் சுதிர்மானுக்கு அப்போது 32 வயது. முன்னாள் பள்ளி ஆசிரியர். காசநோயால் ஒரு நுரையீரல் வேலை செய்யாத நிலை. குண்டு விழுந்ததும் படுக்கையிலிருந்து எழுந்து சுகர்ணோவைப் பார்த்து, காட்டுக்கு வாருங்கள் என்றார். சுகர்ணோ நகரத்திலேயே இருந்து கைதானார். இருவரில் யார் செய்தது சரி என்று இங்கே இன்னும் வாதம் நடக்கிறது. சுதிர்மான் மட்டும் கிளம்பினார். ஏழு மாதம், நடக்க முடியாதபோதெல்லாம் பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்டபடி, மலை மலையாகப் போரை நடத்தினார். வென்ற பிறகு அதிக நாள் இருக்கவில்லை. 1950 ஜனவரியில் இறந்தார்.

அதே வாரம் சுமத்ராவில் சியாஃப்ருதீன் பிரவிரநெகாரா என்ற அமைச்சர் அவசர அரசாங்கம் ஒன்றை அமைத்தார். அமைக்கச் சொல்லி இங்கிருந்து அனுப்பிய தந்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நிலைமையைப் பார்த்துத் தாமே முடிவெடுத்தார். அதுவும் நடக்காவிட்டால் டெல்லியில் இருந்த அமைச்சர் மராமிஸ் அங்கேயே அரசாங்கத்தை நடத்த வேண்டும் என்று இன்னொரு ஏற்பாடு. டெல்லி ஏன் என்றால், 1946இலேயே பஞ்சத்தில் தவித்த இந்தியாவுக்கு அரிசி தர முன்வந்தவர் ஷாரிர். 1947இல் அவரை விமானத்தில் ரகசியமாக வெளியே கொண்டுவந்தவர் ஒடிசாவின் பிஜு பட்நாயக். 1949 ஜனவரியில் நேரு டெல்லியில் ஆசிய மாநாடு கூட்டினார். அடுத்த சில நாளில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தலைவர்களை விடுவிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

இந்த வீதி நேராகத் தெற்கே போனால் சுல்தானின் அரண்மனை. ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ, நெதர்லாந்தின் லைடனில் படித்தவர். டச்சுக்காரர்கள் எதிர்பார்த்தது அவருடைய ஒத்துழைப்பை. அவர் அரண்மனைக்குள்ளேயே இருந்துகொண்டு, ஒத்துழைக்க மறுத்துவிட்டார். அவரைத் தொட்டால் ஜாவாவே கொதிக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். மன்னர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது, இவர் விதிவிலக்கு.

1949 மார்ச் 1. காலை ஆறு மணிக்கு ஊரடங்கு முடியும் சங்கு ஊதியது. தாக்குதலுக்கான அடையாளமே அந்தச் சங்குதான். நாலா பக்கமிருந்தும் கெரில்லாக்கள் உள்ளே புகுந்து ஆறு மணி நேரம் நகரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். நண்பகலில் பின்வாங்கிவிட்டார்கள். இராணுவக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பிளாயென் கிராமத்து ரேடியோ அந்தச் செய்தியைச் சுமத்ராவுக்கு அனுப்ப, அங்கிருந்து பர்மா, டெல்லி வழியாக அது ஐ.நா.வரை போனது. குடியரசே இல்லை என்று டச்சுத் தூதர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்! கோட்டைப் பக்கத்தில் தெரிகிறதே, இந்த நினைவுச்சின்னம் அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான். களத்தில் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் சுகார்த்தோ, பின்னாளில் 30 வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்டவர். திட்டம் தன்னுடையது என்றார். சுல்தானுடையது என்பவர்களும் உண்டு. 2022இல் அரசு இந்த நாளைத் தேசிய நாளாக அறிவித்தபோது ஆணையில் சுகார்த்தோ பெயர் இல்லை. பெரிய சண்டையே நடந்தது.

இன்னொரு பக்கம் அமெரிக்கா, போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்குத் தான் கொடுத்துவந்த மார்ஷல் உதவிப் பணத்தைக் காட்டி நெதர்லாந்தை நெருக்கியது. அன்புக்காக அல்ல, கம்யூனிஸ்டுகள் கிழக்கு ஜாவாவின் மதியுன் நகரில் செய்த கிளர்ச்சியை 1948இல் இதே குடியரசு அடக்கியதைப் பார்த்துத்தான். 1949 டிசம்பர் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் ராணி ஜூலியானா ஆட்சியுரிமையை ஒப்படைத்தார். நியூகினித் தீவின் மேற்குப் பாதியான மேற்கு பப்புவா மட்டும் வரவில்லை. கூடவே ஒரு பில்லும் வந்தது: காலனி அரசின் கடன், டச்சு நாணயத்தில் 400 கோடி கில்டருக்கு மேல். தன்னை அடக்க நடத்திய போரின் செலவும் அதில் உண்டு. இந்தோனேசியா சில வருடம் கட்டியது, 1956இல் ஒப்பந்தங்களையே தூக்கி எறிந்தது.

1945 ஆகஸ்ட் 17தான் இந்தோனேசியாவின் சுதந்திர நாள் என்பதை டச்சுப் பிரதமர் முழுமையாக ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 2023 ஜூனில். கடனை வசூலிக்க அவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.