பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்: ஒரு விஸ்காம் மாணவியின் சந்தேகம்

வணக்கம். இன்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். ஒரே கேள்வி நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. மற்ற மூன்று பேரும் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த வாரம் கட்டாயம் சொல்கிறேன்.

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், முதலாம் ஆண்டு. அவர் எழுதியதைச் சுருக்கிப் படிக்கிறேன். "சார், டிஜிட்டல் மீடியா, டிசைன் எல்லாம் சொல்லித் தருவார்கள் என்று சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கினேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் கம்ப்யூட்டர் லேபுக்குள் காலே வைக்கவில்லை. பென்சிலில் கோடு போடுகிறோம், எழுத்து வரைகிறோம், பந்து வரைகிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் நாற்பது நாள் கோர்ஸில் போட்டோஷாப் படித்து வேலைக்கே போய்விட்டார். அப்பா தினமும் கேட்கிறார். நான் தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டேனா? அப்புறம், எந்தப் பென்சில் வாங்குவது என்றும் சொல்லுங்கள்."

இந்தக் கடிதம் இரண்டு நாளாக என்னை விடவில்லை. இதே கேள்வியோடு நானும் ஒரு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன், அவர் கவலை நியாயமானது.

மென்பொருள் வரும். நான் பார்த்த பாடத்திட்டங்களில் இரண்டாம் ஆண்டுக்குள் எப்படியும் வந்துவிடுகிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். படம் வரைய, திருத்த, அனிமேஷன் செய்ய உதவும் இங்க்ஸ்கேப், க்ரிட்டா, கிம்ப், பிளெண்டர் இந்த நான்கும் இலவசம். திருட்டுப் பதிப்பு தேடி அலைய வேண்டியதில்லை. முதல் மூன்றும் வீட்டில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடும், பிளெண்டருக்கு மட்டும் கொஞ்சம் வலு வேண்டும். வட்டிக்கு வாங்கி கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அண்ணனையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாற்பது நாளில் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிறார், நல்ல விஷயம். ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 1985இல் வந்தது. நம் ஊர் டிடிபி சென்டர்களில் அது இல்லாத இடமே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001. அதற்குப் பிறகு பேஜ்மேக்கரின் பட்டன்களை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் தவித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் எதை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் ஒரு மாதத்தில் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள்.

சரி, பந்துக்கு வருகிறேன். பந்து வரைவதைப் பற்றி அவர் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறார். எனக்கோ அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. பந்து விழுந்து எம்புகிறது, அவ்வளவுதான் இந்த அனிமேஷன் பயிற்சி. ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் 24 கட்டம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். பந்து உச்சிக்குப் போகப் போக வேகம் குறையும், அங்கே படங்கள் நெருங்கி நெருங்கி விழ வேண்டும். தரையை நோக்கி வரும்போது வேகம் கூடும், படங்கள் விலகி விழ வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு தள்ளித் தள்ளி வரைந்தால் பந்தைக் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி இருக்கும். அது ரப்பர் பந்தா, இரும்புக் குண்டா என்பதை நீங்கள் வரைந்த வட்டம் சொல்லாது. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவில் விட்ட இடம்தான் சொல்லும்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எதைப் பேசினாலும் இந்த நடுவில் விட்ட இடத்துக்கு வந்துவிடுவேன். சிவகாசி காலண்டர் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். இன்றும் இதைத்தான் சொல்லப் போகிறேன், ஆனால் இதுவரை சொல்லாத ஒரு சம்பவத்தோடு.

எங்கள் ஊர் கோவில்பட்டி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளை அங்கேதான் கற்றேன். இரண்டு மாதத்தில் வேகம் வந்துவிட்டது. தலைவர் படம், சுற்றிலும் முப்பது முகங்கள், கீழே பெயர்கள், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு, பத்துக்கு எட்டு அடி. அச்சடிக்கும் மெஷின் எங்கள் கடையில் கிடையாது, ஃபைலை வெளியூருக்கு அனுப்பி அடித்து வாங்குவோம். அனுப்புவதற்கு முன்னால் எழுத்துகளைக் கர்வ் போட வேண்டும், அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் வடிவமாக மாற்றிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு நான் போடவில்லை. நான் பயன்படுத்திய எழுத்துரு அந்த மெஷின் இருந்த இடத்தில் இல்லை. அப்போதெல்லாம் யூனிகோடு இந்தப் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கியிருக்கும். எழுத்துரு மாறினால் எழுத்தே மாறிவிடும். இறந்தவர் பெயரில் இரண்டு எழுத்து மாறிப்போயின.

காலையில் பஸ்ஸில் வந்த பேனரை விரித்து ஓரங்களில் ரிங் அடித்தது நான்தான். படம் தெளிவாக இருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். பெயரைப் பார்க்கவில்லை. பத்தடி அகல பேனர் அது. அந்தப் பெயரில் ஒவ்வொரு எழுத்தும் என் கை அகலத்துக்கு இருந்தது. அதன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்துதான் ரிங் அடித்தேன், ஆனாலும் என் கண்ணில் படவில்லை.

மதியம் அவர் மகன் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, எங்க அப்பா பேரு இது இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். வேறு பேனர் அடித்துக் கொடுத்தோம், பணமும் வாங்கவில்லை. ஆனால் காரியத்துக்கு வந்த சொந்தபந்தம் அத்தனை பேரும் காலையிலேயே அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கர்வ் போடுவது எப்படி என்பது ஒரு நிமிடப் பாடம். அதற்குப் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் கண் முன்னால் அவ்வளவு பெரிதாகக் கிடந்த எழுத்தை ஏன் என்னால் பார்க்க முடியவில்லை என்பது ஒரு நிமிடப் பாடம் இல்லை. அதற்கு விடை கல்லூரியில்தான் கிடைத்தது.

நான் சென்னைக்குப் படிக்கப் போனபோது கோரல் டிரா தெரியும், போட்டோஷாப் தெரியும் என்ற நினைப்போடு போனேன். முதல் மாதம் பென்சில், ஸ்கேல், போஸ்டர் கலர், ஐவரி ஷீட். அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ராத்திரி உட்கார்ந்து புலம்புவோம். பிறகு எழுத்து வகுப்பு வந்தது. ஆசிரியர் எனக்கு 'ழ' கொடுத்தார். நான்கு அங்குல உயரத்தில் வரைந்து கறுப்பு அடிக்க வேண்டும். வரைந்துகொண்டு போனேன். "எழுத்தை வரைந்திருக்கிறாய், உள்ளே இருக்கிற வெள்ளையை வரைந்து வா" என்று திருப்பி அனுப்பினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி வரைந்தேன், மறுபடி திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு நாள் இப்படியே போனது. ஒரு கட்டத்தில் கறுப்பை விட்டுவிட்டு, எழுத்துக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளையையும், வாலுக்கு மேலே தங்கியிருக்கும் வெள்ளையையும் தனித்தனி வடிவமாக வெட்டி ஒட்டிப் பார்த்தேன். அவை சரியாக உட்கார்ந்ததும் 'ழ' தானாக வந்து நின்றது.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பஸ்ஸில் தூங்கவே முடியவில்லை. மதுரை தாண்டி விடிந்ததும் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் என்று வழியெல்லாம் கடைப் பலகைகள். அதுவரை அவற்றை நான் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. 'மு'வின் சுழி அடுத்த எழுத்தோடு இடிப்பது தெரிந்தது, புள்ளி மேல்வரியில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கையால் எழுதிய பலகை எது, இழுத்து நீட்டிய ஃபிளெக்ஸ் எது என்று தூரத்திலேயே தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருந்தார். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவார், எழுத்துகளை எண்ணி நடுவைக் குறித்துக்கொண்டு அதற்கப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவார். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர் எண்ணியது எழுத்தை மட்டும் இல்லை, இடத்தையும் சேர்த்து என்பது அந்த விடுமுறையில்தான் எனக்கு விளங்கியது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவர் பெயிண்டிங் வேலைக்குப் போய்விட்டார்.

அதனால் அந்த மாணவி என்னிடம் "தமிழ் எழுத்தை யார் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்?" என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். நான் படித்த வகுப்பில் அந்த ஒரு 'ழ' தவிர மற்றதெல்லாம் ஆங்கில எழுத்துதான். ஆங்கில எழுத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் மனப்பாடம் செய்தோம். வேலைக்கு வந்ததும் தமிழை அதே சட்டைக்குள் திணிக்கிறோம். ஒரு உதாரணம்: அடோபி மென்பொருள்களில் வரிக்கு வரி தானாக விடும் இடம், எழுத்தளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறியும், கீழே 'ழு', 'ளு' எல்லாம் இருக்கின்றன. 120இல் விட்டால் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். நான் 140, 150 என்று வைத்துத்தான் தொடங்குவேன். இன்னொன்று, தமிழைத் தட்டச்சு செய்ததும் 'கொ' உடைந்து கொம்பு தனியாக விழுந்தால் பதறாதீர்கள். எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு ஒன்று இருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும்.

இது இன்றைய பிரச்சினையும் இல்லை. தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி அச்சகத்துக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் ரொம்பப் பெரியவை. கப்பலில் வரும் காகிதமோ கொஞ்சம். அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.

வீரமாமுனிவரைப் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டேன், மூன்றாவது முறையும் சொல்கிறேன். அவருக்கு முன்னால் எ, ஒ ஆகிய குறிலுக்கு மேலே புள்ளி வைப்பார்கள். ஓலையில் எழுதுகிறவர்களோ புள்ளியே வைப்பதில்லை. எ எது, ஏ எது என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அவர் ஒற்றைக் கொம்பைக் குறிலுக்கு விட்டு, நெடிலுக்கு மேலே இன்னொரு சுழி போட்டு இரட்டைக் கொம்பு ஆக்கினார். ஒரே ஒரு சுழி. அதனால் 'கெடு' வேறு, 'கேடு' வேறு என்று குழந்தைக்குக் கூடத் தெரிகிறது. இதைவிட நல்ல டிசைன் பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. யானைத் தும்பிக்கை போட்ட பழைய லை, ளை, ணை எல்லாம் மாறியதும் இதே மாதிரிதான். பெரியார் 1935இல் தன் பத்திரிகையில் தொடங்கி வைத்தார், தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது.

இன்று நாம் தினமும் பார்க்கும் ரூபாய்க் குறியை வடிவமைத்தவர் உதயகுமார், தமிழ்நாட்டுக்காரர். 2010 ஜூலை 15 அன்று அந்தக் குறி ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்தபோது அவர் மும்பை ஐஐடியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அந்த ஆய்வு எதைப் பற்றி என்றால், தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி. இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நீங்கள் தப்பான இடத்தில் சேரவில்லை, அம்மா. வகுப்பில் ஆங்கில எழுத்து வரையச் சொன்னால் வரையுங்கள், பக்கத்திலேயே ஒரு தமிழ் எழுத்தும் வரையுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் தெருவில் கையால் எழுதிய பலகை, ரேஷன் கடையோ பள்ளிக்கூடச் சுவரோ, ஏதாவது ஒன்று இன்னும் இருக்கும். சுண்ணாம்பு அடிப்பதற்குள் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு எழுத்தை எடுத்து, உள்ளே இருக்கும் வெள்ளையை மட்டும் வரைந்து எனக்கு அனுப்புங்கள். மற்றவர்களும் அனுப்பலாம், அடுத்த மாதம் எல்லாவற்றையும் திரையில் போட்டுப் பேசுவோம்.

பென்சில் கேட்டிருந்தீர்கள். கோடு போட எச்பி ஒன்று, வரைய 2பி ஒன்று, நிழல் அடிக்க 6பி ஒன்று. பெட்டியாக வாங்க வேண்டாம், உதிரியாகவே கிடைக்கும். 2பி மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சீக்கிரம் தீரும்.