கையெழுத்துக்குப் பின்னால் அல்ல, முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் செய்தித்தாளை என் முன்னால் விரித்தார். ஒன்றரை ஏக்கரில் பச்சைத் தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போட்டு வாழ்கிறவர். ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் நாடுகளோடு இந்தியா செய்த தடையற்ற வணிக ஒப்பந்தம் அந்த ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. வெளிநாட்டுத் தேயிலைக்கு இருந்த 100 சதவீத இறக்குமதி வரி படிப்படியாக 45 சதவீதத்துக்கு இறங்கும், மிளகுக்கான 70 சதவீதம் 50 ஆகும் என்று செய்தி. "சார், இதுக்கு எந்த சபையில ஓட்டெடுத்தாங்க?" என்று கேட்டார்.

அரசியல் பாடம் நடத்திய ஆசிரியன் நான். "எந்த சபையிலும் இல்லை" என்றேன். நான் தெரியாமல் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை. நம் நாட்டில் ஒரு பைசா வரி போடுவதற்கும் சட்டத்தின் அதிகாரம் வேண்டும் என்று அரசமைப்பின் 265ஆவது பிரிவு சொல்கிறது. பாடத்தில் அதைச் சொல்லித்தந்தவனே இப்போது வாக்கெடுப்பே நடக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நடப்பது இதுதான். அதிகாரிகள் பல சுற்றுப் பேசுகிறார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. அமைச்சர் கையெழுத்திடுகிறார். பிறகு 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் உள்ள வரிவிலக்கு அதிகாரத்தைக் கொண்டு அரசு ஓர் அறிவிக்கை வெளியிடுகிறது. அந்தத் தாள் நாடாளுமன்ற மேசையில் வைக்கப்படும், அவ்வளவுதான். ஆசியான் ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தானது. அதை எதிர்த்துக் கேரளத்தில் மக்கள் சாலையில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றது அக்டோபர் 2 அன்று. கையெழுத்து காய்ந்து ஏழு வாரம் ஆன பிறகு.

அரசமைப்பு இதை எப்படி அனுமதிக்கிறது? ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 14ஆவது பதிவு, வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வதை மத்தியின் கையில் கொடுக்கிறது. அதே அட்டவணையில் மாநிலப் பட்டியலைத் திறந்து 14ஆவது பதிவைப் பாருங்கள். அங்கே இருப்பது வேளாண்மை. இரண்டும் உரசினால் எது வெல்லும் என்பதையும் 253ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது: வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, எந்தப் பொருள் குறித்தும் நாடு முழுமைக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். ஆனால் ஒப்பந்தம் எந்த முறையில் செய்யப்பட வேண்டும், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இதுவரை இயற்றவே இல்லை. இயற்ற வேண்டும் என்று நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. அந்த அறிக்கை அப்படியே கிடக்கிறது.

நிலம் என்றால் கதை வேறு. வங்காளத்தில் பெருபாரி என்ற சிறு பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு அரசு ஒப்புக்கொண்டபோது, அரசமைப்பைத் திருத்தாமல் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்னது. 2015இல் வங்கதேசத்தோடு எல்லைத் துண்டுகளை மாற்றிக்கொள்ள நூறாவது திருத்தம் தேவைப்பட்டது. (கச்சத்தீவு இந்த நேரத்தில் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அது தனி வழக்கு, தனி வருத்தம்.) ஒரு கிராமத்து நிலத்துக்கு இத்தனை காவல் இருக்கிறது. லட்சக்கணக்கான குடும்பங்களின் விளைபொருள் விலையைத் தொடும் ஒப்பந்தத்துக்கு ஓர் எளிய வாக்கெடுப்புகூட இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் இலை விலை விழுந்ததற்கெல்லாம் ஒப்பந்தங்களே காரணம் என்று நான் சொல்லவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்து, நம் தேயிலையை நிறைய வாங்கிய சந்தை போனது பெரிய அடி. எல்லா ஒப்பந்தமும் கெடுதல் என்பதும் என் வாதம் இல்லை. திருப்பூரில் பின்னலாடை தைக்கிறவருக்கு ஒரு நாட்டில் வரி குறைந்தால் நல்லதுதான். யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம் என்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முன்னால் வைத்துப் பேசப்பட வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தத்தில் 1994 ஏப்ரல் 15 அன்று மராகேஷ் நகரில் இந்தியா கையெழுத்திட்டது. மருந்துகளுக்குக் காப்புரிமை தரும் கடமை அதோடு வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்ட முடியவில்லை. அவசரச் சட்டம் காலாவதியானது. 1996இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1997இல் வென்றது. பிறகு 1999இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. கையெழுத்துக்குப் பின்னால் நாடாளுமன்றத்துக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: வேண்டாம் என்றாலும் வழக்கு, வேண்டும் என்றால் தலையாட்டல்.

ஆனால் 2005இல் மூன்றாவது முறையாகக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அன்றைய அரசுக்கு இடதுசாரிகளின் ஆதரவு தேவைப்பட்டது. அதனால் மசோதாவில் கைவைக்க முடிந்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றி, நோயைத் தீர்க்கும் திறன் கூடாமலேயே புதிய காப்புரிமை கேட்டால் கிடையாது என்ற 3(டி) பிரிவு அப்படித்தான் இறுகியது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது அந்தப் பிரிவைக் காட்டித்தான். நிறுவனம் அந்தப் பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போய் 2007இல் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்த மருந்து அப்போது மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். உள்நாட்டு நிறுவனங்கள் செய்தது பத்தாயிரம் ரூபாய் அளவில். எத்தனை வீடுகள் அந்த ஒரு பிரிவால் நகையை அடகு வைக்காமல் தப்பின என்று யோசித்துப் பாருங்கள். சரியாகப் படித்து, சரியாகச் சண்டை போட்ட சில வாரங்களின் பலன் அது. நாடாளுமன்றத்தின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

மக்களவையின் 543 பேர் உட்கார்ந்து பேரம் பேச முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. பேரம் அரசின் வேலை. முடிந்த ஒப்பந்தத்தை வரிக்கு வரி மாற்ற முடியாமல், ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று மட்டும் வாக்களிக்கும் முறை அமெரிக்காவில் 1974 வணிகச் சட்டத்திலிருந்து, இடைவெளிகளோடு, 2021 வரை பழக்கத்தில் இருந்தது. கட்சிக் கொறடா சொன்னபடிதானே கை தூக்குவார்கள் என்பது இன்னும் கனமான கேள்வி. உண்மைதான், கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி ஆக்கிவிட்டது. ஆனாலும் வாக்கெடுப்பு என்று வந்தால் ஒப்பந்தத்தின் முழு வாசகமும் அட்டவணைகளும் முன்கூட்டியே வெளியே வரும். நிலைக்குழு விவசாயிகளை அழைத்துக் கேட்கும். தன் தொகுதியில் என்ன விளைகிறது என்று உறுப்பினர் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்கப்பட வேண்டும். மக்களவை மறுத்தால் அரசு காத்திருக்க வேண்டும். பலமான காவல் இல்லைதான், ஆனாலும் ஒரு கதவு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நாம் செய்யும் எந்த வணிக ஒப்பந்தமும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாக்கு இல்லாமல் முழுமையாகாது. இந்தோனேசியாவோடு செய்த ஒப்பந்தத்தைப் பாமாயிலுக்காக எதிர்த்த சுவிட்சர்லாந்து மக்கள், 2021 மார்ச்சில் நேரடியாக வாக்குச்சாவடிக்கே போனார்கள். பாதிக்குச் சற்று மேல் ஆதரவோடு அது நிறைவேறியது. தோற்றவர்களுக்கும் தாங்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது.

எங்கள் மலையில் இன்று பறித்த இலையை இன்றே ஃபேக்டரி எடை போட்டு எடுத்துக்கொள்ளும். விலை என்ன என்று அடுத்த மாதம்தான் தெரியும். அப்படிக் காத்திருந்தே பழகியவர் அந்தத் தோட்டக்காரர். அன்று அவர் கேட்டது விலையை அல்ல. யார் கை தூக்கினார்கள் என்ற பெயர்ப் பட்டியலை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம் காட்டுவதற்கு.

நன்றி, வணக்கம்.