18 இலட்சம் – எந்த ரூபா?

வணக்கம் நேயர்களே.

"ஐயா, பிள்ளையின்ர பேரில ஒரு புத்தகம் திறக்க வேணும்." நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்த தகப்பன்மாரில் சிலர் சேமிக்க வந்தவர்கள் அல்ல. பிள்ளைக்கு ஈரல் பழுதாகியிருக்கும், அல்லது தலசீமியா என்ற இரத்த நோயாக இருக்கும். இந்தியாவுக்குக் கொண்டுபோனால் பார்க்கலாம் என்று யாரோ ஒரு வைத்தியர் சொல்லியிருப்பார். ஊரில் காசு சேர்க்க வேண்டும். நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று, கணக்கு இலக்கம் ஒன்றுதான் பாக்கி.

பிள்ளைக்கான காசு பிள்ளையின் பெயரில் இருப்பதுதானே நியாயம் என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் காசு போடுவது சுகம், எடுப்பதுதான் கரைச்சல். விண்ணப்பம், வைத்தியக் கடிதம், மேலதிகாரியின் அனுமதி என்று நாட்கள் போகும். விமானச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் தகப்பன் வங்கிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஆகவே பெரியவர்களின் பெயரில், கூட்டுக் கணக்காகத் திறவுங்கள். தாயும் தகப்பனும் மட்டும் போதாது, ஊரிலேயே தங்கியிருக்கப்போகும் மூன்றாவது ஆள் ஒருவரும் வேண்டும். தாய், தகப்பன் இரண்டு பேரும் சென்னையிலோ வேலூரிலோ மாதக்கணக்கில் இருக்கும்போது இங்கே கையெழுத்துப் போட ஆள் வேண்டாமா? ஓய்வுபெற்ற அதிபர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர், கோயில் பொருளாளர், இப்படி ஊர் நம்பும் ஒருவர். யாராவது இருவர் கையெழுத்துப் போட்டால் காசு எடுக்கலாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு விஷயம் அவ்வளவுதான். நான் இன்றைக்குப் பேச நினைத்தது நோட்டீஸில் போடும் தொகையைப் பற்றி.

ஒரு நோட்டீஸ் எனக்கு மறக்கவில்லை. பிறந்தநாள் தொப்பியோடு ஒரு சின்னப் பெண்பிள்ளையின் படம். கீழே சிவப்பு எழுத்தில் "சத்திரசிகிச்சைக்கு 18 இலட்சம் தேவை". ஊர் எழும்பியது என்றே சொல்ல வேண்டும். விளையாட்டுக் கழகம் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தியது, பெடியள் இரவிரவாகக் கொத்துரொட்டி போட்டு விற்றார்கள், கோயிலில் ஒரு நாள் திருவிழாச் செலவைக் குறைத்துத் தந்தார்கள். 18 இலட்சம் சேர்ந்தும் விட்டது. அதற்குப் பிறகுதான் தகப்பன் அந்த மருத்துவமனைக் கடிதத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கோப்புக்குள் நாலாக மடித்த ஒரே ஒரு தாள். அதில் 18 இலட்சம் என்றுதான் இருந்தது, ஆனால் இந்திய ரூபாவில். ஊர் சேர்த்தது இலங்கை ரூபா. அப்போதைய மாற்று விகிதத்தில் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவே.

திரும்பவும் கேட்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கதவைத் தட்டும்போது சனம் கேட்கும் கேள்வி வேறு. "போன மாதம்தானே தந்தனாங்கள், அந்தக் காசுக்கு என்ன நடந்தது?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். தோட்டக்காரரும் கடற்றொழிலாளியும் தந்த காசு அது. ஆனால் அந்தத் தாய் ஒவ்வொரு படலையிலும் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாளில் ஒரு சொல், 'இந்திய' என்ற சொல், விடுபட்டதற்காக.

தொகையை எந்த நாட்டுப் பணத்தில் மருத்துவமனை கேட்கிறதோ அந்தப் பணத்திலேயே போடுங்கள். பக்கத்தில் இலங்கை ரூபாவில் எவ்வளவு, எந்தத் திகதி விகிதம் என்பதையும் போடுங்கள். ஏனென்றால் அந்த விகிதம் அப்படியே நிற்காது. 2022 தொடக்கத்தில் ஒரு இந்திய ரூபா நம்முடைய இரண்டே முக்கால் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஆண்டு நடுப்பகுதியில் நாலரைக்கு மேல். அதாவது அதே 18 இலட்சத்துக்கு ஜனவரியில் சுமார் 48 இலட்சம் தேவைப்பட்டது, ஜூனில் 80 இலட்சத்துக்கும் மேல். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற கதையை நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். அந்த மாதங்களில் பிள்ளைக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, சேர்த்த காசு வங்கியில் இருக்கும்போதே அதன் பெறுமதி குறைந்துபோனது.

சரி, அந்த 18 இலட்சத்துக்குள் என்ன என்ன அடக்கம்? இதைத்தான் மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன தொகை, தரகர் சொன்ன தொகை எதையும் நோட்டீஸில் போடாதீர்கள். மதிப்பீட்டுக் கடிதத்தில் பெரும்பாலும் 'பாக்கேஜ்' என்று ஒன்று இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை நாள், சாதாரண வார்டில் இத்தனை நாள் என்று கணக்கு. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் வேறு கட்டணம். பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டு ஐந்து நாள் கூடுதலாக இருக்க நேர்ந்தால் பாக்கேஜ் முடிந்துவிடும். ஈரல் மாற்றுச் சிகிச்சை என்றால் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கப்போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ செய்யும் பரிசோதனைகளும் அவர்களுடைய சத்திரசிகிச்சையும் அதற்குள் அடக்கமா என்று கேளுங்கள். ஒருவர் பொருந்தாவிட்டால் அடுத்தவருக்குப் பரிசோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெளிநாட்டு நோயாளிக்கான கட்டணம் உள்ளூர்க்காரருக்கான கட்டணத்தைவிடக் கூட இருப்பதும் வழக்கம். ஆகவே தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் "எங்கட ஆளுக்கு இவ்வளவுதான் முடிந்தது" என்று சொல்வதை நம்பித் தொகை போடாதீர்கள்.

மருத்துவமனைக்கு வெளியே போகும் காசு இன்னொரு பக்கம். தலசீமியாவுக்கு என்புமச்சை மாற்று செய்த பிள்ளையைச் சுமார் நூறு நாட்களுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்வார்கள். திடீரென்று காய்ச்சல் வந்தால் உடனே கொண்டு ஓட வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள், அங்கே போகும் குடும்பங்கள் இதற்குப் பழகிவிட்டன. ஆனால் முதல்முறை போகும் குடும்பத்துக்குத் தெரியாது. மூன்று மாத அறை வாடகை, கொதிக்க வைத்த தண்ணீரும் சுத்தமான சாப்பாடும், இரத்தப் பரிசோதனைக்கு ஓட்டோ. இங்கே தகப்பனின் சம்பளம் நின்றுபோயிருக்கும். மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கும், அவர்களுக்கும் பள்ளிக்கூடச் செலவு உண்டு. இதையெல்லாம் கேட்க வெட்கப்பட்டு, 'சத்திரசிகிச்சைக்கு மட்டும்' என்று போடுகிறார்கள். கடைசியில் தாலிக்கொடி அடகுக்குப் போவது இந்த அறை வாடகைக்காகத்தான்.

ஈரல் மாற்றிய பிள்ளைக்கு அதற்குப் பிறகும் மருந்து நிற்காது. மாற்றிய ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, டக்ரோலிமஸ் போன்ற மருந்தை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும்போது நல்லது. கிடைக்காத மாதத்தில் வெளியே வாங்க வேண்டும். அதற்கும் கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் கூட்டினால் தலை சுற்றும், தெரியும். கூட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், இது இங்கேயே முடியாதா என்று. கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கு இதயச் சத்திரசிகிச்சை இலவசமாக நடக்கிறது. அங்கே கட்டில் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதற்காகத்தான் 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்று நாடு முழுக்கக் காசு சேர்த்தார்கள். ராகமையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். சிகிச்சைச் செலவுக்கு உதவி தரும் ஜனாதிபதி நிதியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முன்பு அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025-இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முழுத் தொகையும் தர மாட்டார்கள், ஒரு பகுதிதான். இருந்தாலும் கேட்காமல் விடாதீர்கள். காத்திருக்க முடியாத பிள்ளைகளும் உண்டு, அது வைத்தியர் சொல்ல வேண்டியது. முகநூலில் பார்த்து நாங்கள் முடிவெடுப்பதற்கில்லை.

இன்னொன்று, உறுப்பு மாற்று என்றால் இந்தியச் சட்டம் கடுமையானது. வெளிநாட்டு நோயாளிக்கு நெருங்கிய உறவு இல்லாத இந்தியர் ஒருவர் உறுப்புக் கொடுக்க முடியாது. நம் ஆட்களே கொடுப்பதென்றாலும் உறவுமுறைக்குத் தூதரகச் சான்று வேண்டும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் மொழிபெயர்ப்போடு கையில் இருக்கட்டும். மருத்துவ விசாதான் எடுக்க வேண்டும், கூடப் போக இருவருக்கு அதற்கென்றே உதவியாளர் விசா உண்டு. சுற்றுலா விசாவில் போய் அங்கே சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். யாழ்ப்பாணத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் முன்புபோல் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் நோயாளிப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி வெளிநாட்டில் இருக்கும் நம்முடைய ஆட்கள். பெரும் தொகை வருவது அங்கிருந்துதான், மறைக்க என்ன இருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா பவுணை இங்கே அனுப்பி, அது இலங்கை ரூபாவாகி, பிறகு இந்திய ரூபாவாக மாறி சென்னைக்குப் போனால், மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கரையும். அவர் நேரே மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு, பிள்ளையின் பதிவு இலக்கத்தைப் போட்டு அனுப்பினால் அந்தச் சேதாரம் குறையும். 'இந்தக் காசு எங்கே போனது' என்ற கேள்விக்கும் அந்தப் பற்றுச்சீட்டே பதில். இணையத்தில் காசு சேர்க்கும் கோஃபண்ட்மி போன்றவற்றில் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் எடுக்கும் வசதி இல்லை. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர்தான் தன் பெயரில் நடத்த வேண்டும், அவர் பெயரும் பிள்ளைக்கு என்ன உறவு என்பதும் அங்கே தெரிய வேண்டும். உண்டியலில், அதாவது வங்கியை விட்டுத் தனியாட்கள் மூலம், அனுப்புவது பற்றி ஒரு வங்கிக்காரனிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். விகிதம் கூடக் கிடைக்கும்தான். ஆனால் கணக்குக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

நோட்டீஸில் திகதி போடுங்கள். எதுவரை சேர்க்கிறீர்கள் என்பதையும் போடுங்கள். திகதி இல்லாத நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காக ஓடும். பிள்ளை சுகமாகிப் பள்ளிக்கூடம் போன பிறகும் ஓடும், இறந்த பிறகும் ஓடும். கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூக்கில் குழாயோடு இருக்கும் படத்தைப் போடாதீர்கள் என்பது என் பிடிவாதம். அப்படிப் போட்டால்தான் சனம் இரங்கும் என்று சொல்வார்கள். நான் மேலே சொன்ன நோட்டீஸில் பிறந்தநாள் தொப்பிதான் இருந்தது, ஊர் இரங்கத்தான் செய்தது.

சேர்ந்த தொகையை வாரம் ஒருமுறை சனசமூக நிலையப் பலகையில் ஒட்டினாலே பாதி வதந்தி அடங்கிவிடும். மீதி எஞ்சினால் என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். லண்டனில் 2017-இல் ஒரு கைக்குழந்தையை அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப் பெற்றோர் சுமார் 13 இலட்சம் பவுண் சேர்த்தார்கள். வைத்தியசாலை ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாகப் போனது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே குழந்தை போய்விட்டது. அந்தக் காசைக்கொண்டு பெற்றோர் அதே வகை நோயுள்ள பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நம் ஊரில் அவ்வளவு தொகை வராது. ஆனால் இரண்டு இலட்சம் எஞ்சினாலும் ஊர் இரண்டுபடும். "சிகிச்சை நடக்காவிட்டாலும், பணம் மிஞ்சினாலும், இதே நோயுள்ள இன்னொரு பிள்ளைக்குப் போகும்" என்ற ஒரு வரி போதும். அந்த வரியை எழுதச் சொல்லித் தாயிடமோ தகப்பனிடமோ கேட்க முடியாது. கணக்கில் மூன்றாவதாகக் கையெழுத்துப் போடுகிறாரே, அவர்தான் அதை எழுதி அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

நன்றி. வணக்கம்.